நாற்பது குடம் காற்று

உப்போடைப்பட்டிக்குக் காற்றிலிருந்து தண்ணீர் வந்தது ஓர் ஆடி மாதத்தில். ஆடியில் அந்தப் பக்கம் காற்றைத் தவிர வேறெதுவும் வராது. வந்தது தண்ணீரே ஆனாலும் அது காற்றில் ஏறித்தானே வந்திருக்க வேண்டும் என்று ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயல்குடிக்குக் கிழக்கே, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவில், மேலத்தெரு ஒன்றும் கீழத்தெரு ஒன்றுமாக நூற்றுச் சொச்சம் வீடுகள் இருக்கிற ஊர் அது. போர் போட்டால் உப்பு வரும், கிணறு வெட்டினால் கசப்பு வரும், லாரித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறை வரும். மற்ற நாளெல்லாம் பெண்கள் இரண்டு மைல் நடந்து, ஓடை மணலில் தோண்டிய ஊற்றுக்குள் இறங்கி, சிரட்டையால் வழித்து வழித்து, ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு மரத்துப்போய், தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

தண்ணீரை இறக்கியவள் நாகஜோதி. ஊர் ஓரத்திலிருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்தாள். அவளுடைய அப்பா வேல்சாமி ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசியில், அந்த ஊற்றுக்குள்தான் செத்துப்போனார். ஊற்றை ஆழப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தபோது பத்தடி ஆழத்தில் மணல் சரிந்து அவரை மூடிவிட்டது. வேலையை நடத்திய மேஸ்திரி தனுஷ்கோடி, வேல்சாமிக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்தவர், மத்தியானமே எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டதாகவும், தான் தள்ளிப்போய் மரத்தடியில் இருந்த நேரத்தில் வேல்சாமி மறுபடி எதற்கு இறங்கினார் என்று தனக்குத் தெரியாது என்றும் போலீசில் சொன்னார். ஊர் அதை நம்பவில்லை. வேல்சாமியின் மனைவி பஞ்சவர்ணம் அன்றிலிருந்து தனுஷ்கோடியின் முகத்தைப் பார்ப்பதில்லை, அவர் வருகிற பாதையில் வருவதில்லை. அதைப் பார்த்துத் தன் சந்தேகம் சரிதான் என்று ஊர் முடிவு செய்துகொண்டது. நாகஜோதி அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தினாள்.

உலகத்தின் பிரச்சினைகளுக்கு மாணவர்களின் கண்டுபிடிப்பு என்று ஒரு கண்காட்சி நடக்கப்போவதாகவும், பள்ளிக்கு ஒன்று கட்டாயம் வர வேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்தபோது, இயற்பியல் நடத்துகிற ஜெயசீலி டீச்சர் வகுப்பில் அதை வாசித்துவிட்டு, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு மடித்து வைக்கப்போனார்.

"டீச்சர், காத்துல தண்ணி இருக்குன்னு பாடத்துல போட்ருக்கே, அது நெசந்தானா?" என்று நாகஜோதி எழுந்து கேட்டாள்.

"நிஜம்தான். ஆனா நம்மால எடுக்க முடியாது."

"ஏன் டீச்சர் முடியாது?"

டீச்சர் அதற்குப் பதில் சொல்வதற்குள் நாகஜோதி கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த கிழிந்த நைலான் வலைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பள்ளி மைதானத்தின் மேற்கே நான்கு பனங்கம்பங்களை நட்டு, வலையை ஏழு அடுக்காகக் கட்டி, அடியில் தகரத்தை வளைத்து வாய்க்கால் ஆக்கி, அம்மா வேலை செய்யும் கரிமூட்டத்திலிருந்து கொண்டுவந்த கரியைச் சாக்கில் நிரப்பி வடிகட்டியாக வைத்து, முடிவில் ஒரு நீல டிரம்மை நிறுத்தினாள். கணக்குப்படி விடிவதற்குள் இரண்டு லிட்டர் இறங்க வேண்டும். காலையில் பார்த்தபோது டிரம் நிறைந்து, மைதானத்தில் வாய்க்கால் ஓடி, கொடிக்கம்பத்தைச் சுற்றித் தேங்கியிருந்தது. யாரோ குழாயை மூடாமல் போய்விட்டார்கள் என்று தலைமையாசிரியர் சத்தம் போட்டார். அந்தப் பள்ளியில் எந்தக் குழாயிலும் ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு நினைவு வந்தது.

குடத்தால் அளந்தார்கள். நாற்பது குடம். மறுநாளும் நாற்பது, அதற்கு மறுநாளும் நாற்பது. காற்று ஊளையிட்டாலும் நாற்பது, இலை அசையாவிட்டாலும் நாற்பது. ஜெயசீலி டீச்சர் கரும்பலகையில் மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் இரண்டு லிட்டர்தான் வந்தது. அழித்துவிட்டு அடுத்த பாடத்தை ஆரம்பித்தார். கருவியைக் கழற்றி ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்க் கண்காட்சியில் நிறுத்தியபோது அதிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்து மைதானத்தில் கட்டியதும் மறுபடி நாற்பது குடம். "அங்ஙன உள்ள காத்து வேற, நம்ம ஊருக் காத்து வேற" என்று டீக்கடை பூமிநாதன் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வினோதம் அந்தப் பூமிநாதனிடமிருந்துதான் தொடங்கியது. தண்ணீர் வர ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பியவர், வடை கேட்டு நின்ற ஆளைப் பார்த்து, தன்னுடைய கரகரத்த குரலிலேயே, "எனக்கு இந்த மாப்பிள்ள வேணாம்" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு வீடு வீடாகப் போகப் போக அடங்கியது. அந்த ஆவணிக்குக் கல்யாணம் பேசியிருந்த வீடுகள் மூன்று. மூன்று வீட்டிலும் பெண்ணைப் பெற்றவர்கள் அன்றைக்கு மகளை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எந்தப் பெண் என்று தெரியாததால் மூன்று கல்யாணமும் தள்ளிப்போயின.

பிறகு தினமும் நடந்தது. தண்ணீரைக் குடித்த யாராவது ஒருவர், பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில், முந்தின நாள் அந்த ஊரில் வேறு யாரோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் மூச்சோடு விட்ட ஒரு வார்த்தையைச் சொன்னார்கள். அம்மன் கோயில் பூசாரி தீபாராதனை காட்டும்போது, "இடுப்பு வலி உசுரு போவுது, யார்கிட்டச் சொல்றது" என்றார். கூடியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஏனென்றால் அது அவர்கள் எல்லோருடையதுமாக இருக்கலாம். ஜெயசீலி டீச்சர் நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதிவிட்டுத் திரும்பி, "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும்" என்றார். வகுப்பில் ஒன்பது பேர் தலையைக் குனிந்தார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரையும் உட்கார வைத்து உரக்க வாசிக்கச் சொன்னார். பஞ்சாயத்துத் தலைவி சந்தனமாரி கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து, "படிச்சுப் பாக்காமத்தேன் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அது தன் வார்த்தை இல்லை என்று அவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. அது உண்மையிலேயே அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம். அந்த ஊரில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் அனேகம்.

ஊர் குழம்பிப் போயிற்று. தன் வாயில் வருவது தன்னுடையதா, பக்கத்து வீட்டுக்காரருடையதா என்று பிரித்துச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. கணவனும் மனைவியும் சண்டை போடும்போது நடுவில் மூன்றாவது வீட்டுச் சண்டை வந்து கலந்துகொண்டது. கொதிக்க வைத்துக் குடித்தார்கள். வார்த்தைகள் சீக்கிரமாக வந்தன. வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள், தெளிவாக வந்தன. கோயில் குளத்து மண் என்று ஒருவர் எதையோ கொண்டுவந்து கலந்தார். வயிற்றால் போனதுதான் மிச்சம்.

மேலத்தெருப் பெரியவர் ஒருவர், தன் வீட்டு வாசலில் கூலிக்கு வந்து நின்ற கீழத்தெரு ஆளைப் பார்த்து, "எத்தன வருசத்துக்கு என்னைய வாசல்லயே நிக்க வப்பீக?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவர் வாசலுக்கு உள்ளேயும், அந்த ஆள் வாசலுக்கு வெளியேயும், ஒருவரையொருவர் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்கள். மேலத்தெருவுக்குத் தனியாக ஒரு கருவி வேண்டும் என்று அன்றைக்கே பேச்சு வந்தது. புது வலை, புது டிரம் எல்லாம் வாங்கி நாகஜோதியைக் கட்டித் தரச் சொன்னார்கள். அவள் கட்டித் தந்தாள். அதிலும் தண்ணீர் வந்தது. ஆனால் முதல் கருவியில் இருபது குடம், இரண்டாவதில் இருபது குடம், ஆகமொத்தம் அதே நாற்பது. வார்த்தைகளும் அதே ஊர் வார்த்தைகள்தான். "காத்துக்கு எந்த இடத்துல வேலி போடச் சொல்றீங்க?" என்று ஜெயசீலி டீச்சர் கேட்டார். இரண்டாவது டிரம்மில் இப்போது பள்ளிக்கூடத்து அரிசி இருக்கிறது.

கருவியைப் பிரித்துப் போட்டுவிடலாம் என்று ஆண்கள் சிலர் சொன்னபோது பெண்கள் குடத்தோடு வந்து மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். "ரெண்டு மைலு நடந்து குழிக்குள்ள எறங்குறதுக்கு, அடுத்தவ வார்த்தைய வாயில வச்சுக்கிட்டே நான் இருந்துக்கிறேன்" என்று ஒருத்தி சொன்னாள். அது அவளுடைய சொந்த வார்த்தைதான். கருவியைப் பிரிக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

அப்புறம் ஊர் தனக்குத்தானே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டது. யாருடைய வாயிலாவது அப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டால், சொன்னவர் உடனே, "என்னுது இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். கேட்டவர்கள், யாருடையது என்று கேட்கக் கூடாது. தும்மினவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொள்வது போல ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் அது பழகிப்போயிற்று. சின்னப் பிள்ளைகள்கூட, "பெரிய ஆஸ்பத்திரியில என்ன சொன்னாகன்னு வீட்டுல சொல்லல, என்னுது இல்ல" என்று சொல்லிவிட்டுக் கோலிக்குண்டை எடுத்து விளையாடப் போனார்கள். சிலர் வீட்டில் சொல்ல முடியாததை வேண்டுமென்றே மூச்சோடு விட ஆரம்பித்தார்கள். மறுநாள் அது எங்காவது எவர் வாயிலாவது வந்துவிடும் என்பதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி.

நாகஜோதிக்கு மட்டும் நிம்மதி இல்லை. தான் தண்ணீர் எடுக்கத்தானே கட்டினேன், இது எப்படி வந்தது என்று வலையை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தாள். கரியை மாற்றினாள். எதுவும் மாறவில்லை. அம்மா மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பஞ்சவர்ணம் காலையில் மூட்டத்துக்குப் போய், பகலெல்லாம் விறகை அடுக்கி மண் பூசித் தீ வைத்து, புகைக்குள்ளிருந்து புருவம்கூடக் கருத்துப்போய் வருவாள். முன்பே அதிகம் பேசாதவள். இப்போது தண்ணீர் குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதையும், குடித்தபின் வெகுநேரம் உதட்டைத் திறக்காமல் இருப்பதையும் நாகஜோதி பார்த்தாள்.

புரட்டாசி பிறந்தது. வேல்சாமியின் திதி நெருங்கியது.

முதலில் பூமிநாதன் கடையில்தான் அது வந்தது. டீயை ஆற்றிக்கொண்டே, "நாந்தேன் எறங்கச் சொன்னேன்" என்றார். "என்னுது இல்ல" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு டீயை நீட்டினார். வாங்கினவர் குடிக்காமலே அதைக் கீழே வைத்தார். அந்த ஊரில் ஊற்றுக்குள் இறங்கித் திரும்பி வராதவர் ஒருவர்தான். மறுநாள் பூசாரி வாயில் அதே வார்த்தை. அதற்கு மறுநாள் ஒரு நான்கு வயதுப் பிள்ளை, மண்ணில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே, "நாந்தேன் எறங்கச் சொன்னேன், நாந்தேன் எறங்கச் சொன்னேன்" என்று பாட்டுப் போலச் சொன்னது. ஏழு நாள், ஏழு வாய். ஒரே வார்த்தை ஊருக்குள் திரும்பத் திரும்ப வந்தது அதுதான் முதல் தடவை. யாருடையது என்று கேட்கக் கூடாது என்ற முறையை ஊர் ஏழாவது நாள் மீறியது. கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

எட்டாம் நாள் காலையில் பள்ளி மைதானத்தில், கருவியின் நிழலில், ஊர் கூடியது. தனுஷ்கோடி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் மனைவி சண்முகக்கனி அவருக்குப் பின்னால் நின்றாள்.

"தனுஷ்கோடி, நாங்க யாரும் ஒம்மேல பொய்யா எதுவும் சொல்லல. காத்தே சொல்லுது. நீதான எறங்கச் சொன்ன?" என்று சந்தனமாரி கேட்டார்.

தனுஷ்கோடி தரையைப் பார்த்தார். "இல்ல" என்று சொல்லவில்லை. "ஆமா" என்றும் சொல்லவில்லை.

"வாயத் தொறந்து பேசுய்யா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "ஆறு வருசமா தாலியறுத்துக் கெடக்கா ஒருத்தி!"

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் தனுஷ்கோடி.

சண்முகக்கனி அழுதாள். "ஏதாச்சும் சொல்லுங்க. இல்லன்னாச்சும் சொல்லுங்க" என்று அவர் முதுகில் அடித்தாள்.

அவரை ஊரைவிட்டுப் போகச் சொல்வதா, மறுபடி போலீசுக்குப் போவதா என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை சொல்லட்டும் என்று முடிவாயிற்று. நாகஜோதி எழுந்தாள். ஆறு வருஷமாக அவள் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் ஒன்று இருந்தது: இந்த ஆள் இனி இந்த ஊரில் இருக்கக் கூடாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது தொண்டை காய்ந்து சத்தம் வரவில்லை. யாரோ டிரம்மிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். ஒரே மூச்சில் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தனுஷ்கோடியை நேராகப் பார்த்து, தன் குரலில், ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"நாளைக்குத் தலைக்கு ஊத்தாம பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு புள்ள அழுவுது, இன்னும் ஒரு கொடம் மொண்டு குடுத்துட்டுப் போங்கன்னு நாந்தேன் அவுகள எறங்கச் சொன்னேன்."

அவுகள என்ற அந்த ஒரு சொல்லை எல்லோரும் கேட்டார்கள். வேல்சாமியை அந்த ஊரில் அவன் என்றவர்கள் உண்டு, அவர் என்றவர்கள் உண்டு, அண்ணன் என்றவர்கள் உண்டு. அவுக என்று சொல்ல ஒரே ஒருத்திதான் உண்டு. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பெண்கள் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நாகஜோதி நின்றுகொண்டிருந்தாள். முறைப்படி அவள், "என்னுது இல்ல" என்று சொல்ல வேண்டும். பூமிநாதன்கூட, "சொல்லிரு தாயி, சொல்லிட்டு ஒக்காரு" என்று மெதுவாகச் சொன்னார். அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னது அம்மா. ஆனால் அழுத பிள்ளை யார்? அந்த வீட்டில் ஒரே ஒரு பிள்ளைதான் இருந்தது. அது அம்மாவின் வார்த்தையா, தன் வார்த்தையா, எதில் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். கூட்டத்தை எப்படிக் கலைப்பது என்று சந்தனமாரிக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து, வேறு வேலை இருப்பது போலப் போனார்கள். தனுஷ்கோடி எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் பஞ்சவர்ணம் அடுப்பை மூட்டாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்று நாகஜோதி வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"என்னன்னு சொல்ல? ஒனக்காகத்தேன் ஒங்கப்பன் எறங்குனாகன்னு சொல்லவா? பத்து வயசுப் புள்ளகிட்ட?"

"அந்த ஆளத் திட்டுறப்பல்லாம் பக்கத்துலதான இருந்த."

"இருந்தேன்." பஞ்சவர்ணம் கரி படிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெதமும் சொல்லணும்னு வாயி வரைக்கும் வரும். ஒன்னையப் பாத்ததும் முழுங்கிருவேன். மொண்டு குடுத்தாக. அவுக மேல ஏறுறதுக்குள்ள நான் கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். வீடு வந்து சேருறதுக்குள்ள மண்ணு மூடிருச்சுன்னு பின்னாடியே ஆளு ஓடி வருது. அந்தக் கொடத்துத் தண்ணியிலதேன் அவுகளக் குளிப்பாட்டுனோம்."

சொல்லிவிட்டு எழுந்தாள். மூஞ்சியைக் கழுவினாள். உச்சி வெயிலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாகஜோதி பின்னாலேயே போனாள். ஆறு வருஷமாக அவள் வராத பாதையில் பஞ்சவர்ணம் நடந்து போவதை வீடுகளின் கதவிடுக்கிலிருந்து ஊர் பார்த்தது.

தனுஷ்கோடியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். சண்முகக்கனி கதவோரம் நின்றாள். பஞ்சவர்ணம் பேசத்தான் வந்தாள். மூச்சு இரைத்ததே தவிர வார்த்தை வரவில்லை. சண்முகக்கனிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் புருஷனுக்கு ஆறு வருஷம் பழியைக் கொடுத்தவள் என்று திட்டுவதா, வீடு தேடி வந்தவளை வா என்பதா என்று ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு, பழக்கத்தால் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்கக்கா" என்றாள்.

பஞ்சவர்ணம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். குடித்து முடித்து, தனுஷ்கோடியைப் பார்த்து, "நான் மேல நின்னு கயித்தப் பிடிச்சிருந்தேன், மதினி சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றாள். அவளுக்கே புரியவில்லை. வாய் மறுபடி திறந்தது. "கேட்டேன்னு சொன்னா யாரு சொன்னான்னு கேப்பாக. அதேன் தள்ளிப் போயிருந்தேன்னு சொன்னேன்."

பஞ்சவர்ணம் செம்பைப் பிடித்தபடி, "இது யாருது?" என்று கேட்டாள். ஊர் முறைப்படி கேட்கக் கூடாத கேள்வி. "இது யாருது தம்பி?"

"என்னுதுதேன் மதினி" என்றார் தனுஷ்கோடி.

சண்முகக்கனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். "ஊரே பேசுறப்ப நானும் ஒங்கள ஒரு நிமிசம் நெனச்சுட்டேனே." அவர் அழுதார். அவர் அழுது அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அழுதுகொண்டே, "அண்ணன் போனதுக்கப்புறம் மதினியையும் ஊரு வாயில போட மனசு வரல. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

பஞ்சவர்ணம் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு, அவர் முன்னால் குனியப்போனாள். அவர் பதறி விலகினார். என்ன செய்வது, எப்படி முடிப்பது என்று யாருக்கும் தெரியாததால் சண்முகக்கனி எழுந்து, மிச்சமிருந்த சோற்றை நான்கு தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். சாப்பிட்டார்கள். நாகஜோதி தட்டைக் கழுவிக் கொடுத்தபோது, "சித்தப்பா, நாங்க போயிட்டு வாறோம்" என்று சொன்னாள். அது அவள் வாயில் சட்டென்று வந்தது. யாருடையதோ என்று ஒரு கணம் பயந்து, பிறகு தன்னுடையதுதான் என்று தெரிந்துகொண்டாள்.

திரும்பி வரும் வழியில் பஞ்சவர்ணம் நடந்துகொண்டே கேட்டாள்: "நீ அன்னைக்கு அழுதது ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

நாகஜோதி அம்மாவைத் தாண்டி இரண்டடி முன்னால் போனாள். "இல்லம்மா" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தேன்."

பஞ்சவர்ணம் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். "நல்லதாப் போச்சு" என்றாள். "அது எங்கிட்டயே இருந்துட்டுப் போவுது."

மறுநாள் விடிந்ததும் மைதானத்தில் குடங்கள் வரிசையாக நின்றன. முந்தின நாள் நடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. பஞ்சவர்ணத்துக்கு வரிசையில் இடம் விட்டார்கள், அவ்வளவுதான். வரிசையைச் சரிபார்க்க வந்த சந்தனமாரி, வாய்க்காலில் ஒரு கை தண்ணீர் ஏந்திக் குடித்துவிட்டு, யாரையோ பின்னால் நிற்கச் சொல்லத் திரும்பினார். ஆனால் அவர் வாயில் வந்தது வேறு.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "சீயக்காய்ப் பொட்டணத்தக் கையில வச்சுக்கிட்டு, வாசப்படியில ஒக்காந்து, அம்மா தெருமொனையில திரும்புற வரைக்கும் சத்தம் போட்டு அழுதேன்."

"என்னுது இல்ல" என்று உடனே சொல்லிவிட்டு அவர் குடங்களை எண்ணப் போனார். வரிசையில் ஒருவரும் நாகஜோதியைப் பார்க்கவில்லை. பஞ்சவர்ணமும் திரும்பவில்லை. தகரத்தின் வாயில் அவள் வைத்த குடம் கழுத்துவரை நிறைந்து, விளிம்புக்கு வந்து, வழியத் தொடங்கியது. ஒரு சொட்டுச் சிந்தினாலும் சண்டைக்கு வருகிற அந்த ஊர்ப் பெண்கள், குடத்தை எடு என்று அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் அவள் பாதத்தை நனைத்து, மண்ணில் ஓடி, பின்னால் நின்ற நாகஜோதியின் பாதத்துக்கு வந்தது. அப்போதுதான் பஞ்சவர்ணம் முன்னால் பார்த்தபடியே, "கொடத்த ஒருபக்கம் பிடி, தாயி. தனியாத் தூக்க முடியல" என்றாள்.